வேன் திணை: ஒரு முன்னோடி ஆராய்ச்சி

நிலங்களை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பொழுது, தெய்வம், உணவு, பறை வரை சொல்லிவைத்த தொல்காப்பியர், தீம் பார்க் என்னும் நிலத்தைச் சொல்லாமல் விட்டார். அது அவர் குற்றமன்று. அந்தக் காலத்தில் கையில் காகிதப் பட்டை கட்டி யாரையும் எந்த நிலத்துக்குள்ளும் அனுப்பவில்லை. அந்தக் குறையை நிறைவு செய்வதே இந்த ஆராய்ச்சியின் நோக்கம். ஆய்வுக்களம் வேதாரண்யம். ஆய்வுப்பொருள், தாத்தா அப்பாயி தொடங்கிக் கைக்குழந்தை வரை ஒரே வேனில் ஏறி, கிறிஸ்துமஸ் விடுமுறையில் வாழ்நாளில் முதல் தடவையாகத் தீம் பார்க் போவது என்று முடிவெடுத்த குடும்பம். இன்ன வீடு என்று தேட வேண்டாம். டெல்டாவில் தெருவுக்கு ஒன்று இருக்கும். தரவுகள் திண்ணையிலும் டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் திரட்டப்பட்டவை.

முதற்பொருள் நிலமும் பொழுதும் என்பது இலக்கணம். நிலத்தை முதலில் பார்க்கலாம்.

குடும்பத்தில் தீம் பார்க் பற்றிப் பேசும் தகுதி இதுவரை ஒருவருக்கே இருந்தது. பள்ளிச் சுற்றுலாவில் போய்வந்த அப்பா. 1990-களின் பிற்பகுதியில் பள்ளிக்கூடப் பேருந்துகள் வண்டலூர், மாமல்லபுரம் என்று சுற்றிவிட்டுத் தாம்பரத்துக்கு அருகிலிருந்த கிஷ்கிந்தாவில் பிள்ளைகளை இறக்கிவிடும். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்த நவோதயா அப்பச்சன் 1995-இல் தொடங்கிய பூங்கா அது. இல்லையென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி.; அங்கே அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க முயன்று ஒரு தலைமுறையே தோற்றுத் திரும்பியது. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு அப்பா இருபத்தைந்து வருடமாக நிபுணராக உலவி வந்தார். 2025 டிசம்பர் தொடக்கத்தில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா திறக்கப்பட்டதும் அவருடைய நிபுணத்துவம் காலாவதியானது. குடும்பத்துக்கு அது முதல் கிறிஸ்துமஸ் பயணம், அந்தப் பூங்காவுக்கும் முதல் கிறிஸ்துமஸ். ஆகவே முன்னால் போய்வந்தேன் என்று அதிகாரம் செய்ய ஊரில் ஆள் இருக்கவில்லை.

அங்கே உள்ள ரோலர் கோஸ்டருக்குத் தஞ்சோரா என்று பெயர். தண்டவாளம் தலைக்கு மேலே போகும், ஏறியவர் கால் கீழே அந்தரத்தில் தொங்கும். இந்தச் செய்தி திண்ணைக்கு வந்ததும் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். நாகப்பட்டினம் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1991-இல்தான். தாத்தா பிறந்தது, படித்தது, பட்டா வாங்கியது எல்லாம் தஞ்சாவூர் ஜில்லாவில். தஞ்சாவூர்ப் பெயரில் ஒன்றைச் செய்து அதில் மனிதனைத் தலைகீழாகத் தொங்கவிடுவது முறையா என்று கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் தெரியவில்லை. ரோலர் கோஸ்டர் வரலாற்றில் தாத்தாவுக்கு ஏற்ற காலம் ஒன்று இருந்திருக்கிறது. 1884-இல் அமெரிக்காவின் கோனி ஐலண்டில் லாமார்கஸ் தாம்சன் என்பவர் ஓடவிட்டது மணிக்கு 6 மைல் வேகத்தில்தான் போகும். கட்டணம் 5 சென்ட். தாத்தாவின் சைக்கிள் அதைவிட வேகம்.

இனிப் பொழுது. பெரும்பொழுது முன்பனி, மாதம் மார்கழி. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எதுவும் இல்லாததால், மண்டபம் மண்டபமாகப் பிரிந்து கிடக்கும் உறவுக்காரர்கள் மொத்தமாகக் கையில் கிடைக்கும் மாதம் இது. சம்பா கதிர் வாங்கி நிற்கும், அறுப்புக்குப் பொங்கலை ஒட்டித்தான் ஆள் வேண்டும். அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் பாத்திகள் மழைத்தண்ணீரில் கிடக்கும், வேலை நடக்காது. எனவே டிசம்பரில் வேதாரண்யத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பணத்துக்குத்தான் பஞ்சம். திட்டமிடுதலின் வேர்ச்சிக்கல் இதுவே. ஆனால் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வேறு காரணங்களாக மாற்றித்தான் சொல்வார்கள்.

நாள் குறிப்பதில்தான் ஆராய்ச்சி சூடுபிடிக்கிறது. 2025-இல் அரையாண்டு விடுமுறை டிசம்பர் 24-இல் தொடங்கியது. அது புதன்கிழமை, வடக்கே சூலம். திருப்போரூரோ வடக்கே 300 கி.மீ.க்கு மேல். 25 கிறிஸ்துமஸ். அன்று பாதி டெல்டா வேளாங்கண்ணியில் நிற்கும், மீதிப் பாதி அந்த வழியே போக முடியாமல் நிற்கும்.

26-ஐப் பற்றி வீட்டில் விவாதமே நடப்பதில்லை. 2004-இல் அந்த நாளில் கடல் வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். கரையோர ஊர்களில் அன்று அஞ்சலி செலுத்துவார்கள், மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. அந்தத் தேதியில் அலைக்குளத்தில் குதிப்பதற்கு நாகை மாவட்டத்துக்காரரிடம் டிக்கெட் விற்க முடியாது.

27, 28 சனி ஞாயிறு. சென்னை முழுவதும் அங்கே இருக்கும், விலையும் கூடும். 30 செவ்வாய், மறுபடி வடக்கே சூலம். தவிர வைகுண்ட ஏகாதசி. 31 புதன், சூலம் விடவில்லை. ஜனவரி 1 அன்று வேனே கிடைக்காது. புத்தாண்டுக்குள் எஞ்சியது 29, திங்கட்கிழமை. பஞ்சாங்கம், பள்ளிக்கல்வித் துறை, மாதா, பெருமாள் ஆகிய நான்கு அதிகார மையங்களும் தடை சொல்லாத ஒரே நாள். இவ்வளவு பெரிய கணக்கை அப்பாயி, காலண்டர் தாளைக் கையால் புரட்டிப் பார்த்து, வெற்றிலை மெல்லும் நேரத்தில் முடித்துவிட்டார்.

அந்த அப்பாயி வருவாரா என்பதே அடுத்த கேள்வி. அழைப்பு விடுத்தபோது கிடைத்த பதில்: “நான் எதுக்குடா? நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்குறேன்.” இதற்கு மூவகையாக உரை கூறுவர். சொன்னபடியே பொருள் கொண்டு விட்டுவிட்டுப் போவது முதல் உரை. அதைக் கைக்கொண்ட மருமகள்களின் கதி ஊரறிந்தது. இன்னும் இரண்டு பேர் வந்து கூப்பிட வேண்டும் என்று கொள்வது இரண்டாம் உரை. அத்தை வருகிறாளா என்று விசாரித்துச் சொல் என்பது மூன்றாம் உரை. மூன்றும் பொருந்தும் எனினும் மூன்றாவதே சிறப்புடைத்து. என்னை? அத்தைக்குப் போன் போட்ட மறுநாளே அப்பாயி பெட்டியிலிருந்து பயணப் புடவையை எடுத்து வெயிலில் காயப்போட்டார்.

நுழைவுச்சீட்டு இயல் சுவையானது. அரசுப் பேருந்து பிள்ளையின் வயதைக் கேட்கும். 2022-இலிருந்து 5 வயதுவரை இலவசம். தீம் பார்க் வயதை நம்புவதில்லை. வொண்டர்லாவில் அளவுகோல் உயரம். 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், அங்கிருந்து 140 செ.மீ. வரை சிறுவர் கட்டணம், அதற்கு மேல் பெரியவர். இதில் ஒரு நுட்பம் உண்டு. 140-ஐத் தொடாத பையனைப் பெரிய சவாரிகளில் ஏற்ற மாட்டார்கள். ஆகவே வாசலில் அம்மா “கொஞ்சம் குனிஞ்சு நில்லுடா” என்பார். உள்ளே போனதும் அதே பையன் அதே கோலுக்கு முன்னால் குதிகாலை உயர்த்தி நிற்பான். இரண்டு கோலும் ஒரே கோல்தான்.

சீட்டை யார் எடுப்பது? தாத்தா நேரில் போய்க் கவுன்டரில் நின்று, பணத்தை எண்ணிக் கொடுத்து, மீதியை எண்ணி வாங்கும் கட்சி. பேரன் கைபேசியில் விரலை வைத்தான், வேலை முடிந்தது. வேதாரண்யத்தாருக்கு இது புதிதல்ல. திருமறைக்காட்டுக் கோயில் கதவைத் திறக்க முதியவரான அப்பர் பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது. அதை அடைக்கச் சிறுவரான சம்பந்தருக்கு முதல் பாட்டே போதுமானதாக இருந்தது. ஏழாம் நூற்றாண்டிலேயே வாசல் விவகாரத்தில் இளையவர்கள் கை ஓங்கிவிட்டது என்பதற்கு இந்த ஊர்க் கோயிலே சான்று. அப்பர் அப்போது வருந்தினாராம். தாத்தாவும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

கருப்பொருளில் தலையாயது உணவு. புளிசோறு, தயிர்சோறு, எலுமிச்சைச் சோறு, வறுத்த வத்தல், எண்ணெயில் குழைத்த பொடி தடவிய இட்லி என்று அண்டா நிரம்பிய பிறகு, வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்ற விதி வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. இந்த ஊரின் பழைய பகையை அது கிளறிவிட்டது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து வந்தபோது, தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் இடம் கொடுப்பவர்களுக்கும் தண்டனை என்று உத்தரவு போட்டார். ஊர்க்காரர்கள் எதிர்த்துப் பேசவில்லை. சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள். சோற்றுக்குத் தடை போட்டால் வேதாரண்யத்தார் என்ன செய்வார்கள் என்பதற்கு எழுத்துச் சான்றே இருக்கும்போது, அப்பாயி அண்டாவை வேனிலேயே வைத்து, வண்டி நிறுத்துமிடத்தில் வேப்பமர நிழல் இருக்குமா என்று மட்டும் விசாரித்தது மிகவும் மிதமான செயல். சீசனில் உள்ளே நுழைந்தவர் நினைத்தபோது வெளியே வந்து உண்டு திரும்ப விடுவார்களா என்பது வேறு விஷயம். அதனால் காலைச் சோற்றை நுழைவதற்கு முன்பும் ராத்திரிச் சோற்றை வெளியே வந்த பிறகும் வைத்துக்கொண்டார்கள். நடுவில் ஐஸ்கிரீம், அப்பா செலவு.

உடையைச் சுருக்கமாகச் சொல்லலாம். தண்ணீர்ச் சறுக்கில் நைலான் உடை கட்டாயம். பஞ்சு நூல் வடிகட்டியை அடைக்கும், தொங்கும் துணி எங்காவது மாட்டும், காரணம் நியாயமானது. ஆனால் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சன்னதிக் கடலிலும் கோடியக்கரை ஆதிசேதுவிலும் புடவையோடு முங்கி, புடவை மறைப்பிலேயே மாற்றுப்புடவை கட்டி, அதற்குள் மூன்று பேரப்பிள்ளைகளின் தலையையும் துவட்டி முடிக்கும் அப்பாயிக்கு உடை மாற்றும் அறையைப் பற்றிப் பாடம் எடுப்பது வீண். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் சித்தப்பா நைலான் நிக்கர் அணியலாமா என்ற வினா குருசாமிக்கு அனுப்பப்பட்டது. கறுப்பு நிறம் என்றால் பரவாயில்லை என்று பதில் வந்தது.

உரிப்பொருளில்தான் இந்த ஆராய்ச்சியின் முடிவு கிடைக்கிறது. தீம் பார்க்கின் உரிப்பொருள் வேகமோ அலறலோ அன்று, இருத்தல். முல்லைக்குரிய அந்த ஆற்றியிருத்தல்தான். பூங்காவில் ஒருவர் காற்றில் பறப்பது சில நிமிடம். வரிசையில் நிற்பதும் நிழலில் உட்கார்ந்திருப்பதும் மணிக்கணக்கு. பைகளோடு, செருப்புக் குவியலோடு, தூங்கும் கைக்குழந்தையோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைச் சுற்றித்தான் மொத்தக் குடும்பமும் சுழலும். அந்தப் பெஞ்சு சரியாக அமைந்தால் பயணம் சரி. வெயிலில் அமைந்தால் மதியம் ஒரு மணிக்கே “கிளம்பலாமா?” என்ற குரல் எழும், அதன் பிறகு எந்த ராட்டினமும் அந்த நாளைக் காப்பாற்றாது.

இது வெறும் டெல்டாக் கண்டுபிடிப்பு அன்று. லாஸ் ஏஞ்சலிஸ் கிரிஃபித் பூங்காவில் தம் இரு மகள்களைக் குதிரை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான், பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் தமக்கு வந்ததாக வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17-இல் டிஸ்னிலேண்ட் திறந்தது. உலகத் தீம் பார்க்குகளின் மூலவரே பெஞ்சில் உட்கார்ந்து சலித்த ஒரு தகப்பன்தான். கோபன்ஹேகனின் டிவோலி பூங்கா 1843-இல் திறந்தும் கிறிஸ்துமஸ் காலத்துக்கு வாசலைத் திறக்க 1994 வரை காத்திருந்தது. அந்தக் குளிரில் பெஞ்சில் யார் உட்காருவார்கள் என்ற தயக்கமாக இருக்கலாம் என்பது இந்தக் கட்டுரையின் சொந்த ஊகம்.

பெஞ்சு நிர்வாகத்தில் அப்பாயிக்கு இணையான பயிற்சி வேறு யாருக்கும் இல்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக் கூட்டத்தில் எந்தச் சமயத்தவர் என்று பாராமல் எல்லாரும் நெருக்கியடிப்பார்கள். அங்கே பழகிய விதிகள் தெளிவானவை. பிரிந்தால் எங்கே வந்து நிற்பது என்பதை முதலில் பேசிவிட வேண்டும். பணத்தைப் பிரித்து மூன்று பேரிடம் வைக்க வேண்டும். பிள்ளையின் கையில் பேனாவால் போன் நம்பர். ஒரே நிறச் சட்டை. யாராவது ஒருவர் எப்போதும் பைகளோடு இருக்க வேண்டும், அவர் ‘நானும் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று எழக் கூடாது. தீம் பார்க் இணையதளங்கள் குடும்பங்களுக்கு அறிவுறுத்துவதும் ஏறத்தாழ இதையேதான். லாக்கருக்கு மட்டும் தனிக் காசு.

அலங்கார மரத்தின் முன் கிறிஸ்துமஸ் தாத்தாவோடு படம் எடுப்பது குறித்துத் தனி அத்தியாயம் எழுதலாம், வேண்டாம். படத்தில் எல்லாரும் இருப்பார்கள். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, இரண்டு தோளிலும் பைகளோடு நிற்பவர் சொந்தத் தாத்தா.

இறுதித் திட்டம் வருமாறு அமைந்தது. ஞாயிறு மாலை 6 மணிக்கு ராகு காலம் முடிந்ததும் வேன் எடுப்பது. 40 கி.மீ. போல வந்ததும் வேளாங்கண்ணியில் இறங்கி மெழுகுவத்தி. கிறிஸ்துமஸ் குடில் அப்போதும் பிரித்திருக்க மாட்டார்கள். இரவு முழுக்க ஓடி விடியலில் திருப்போரூர். கந்தசாமி கோயில் குளக்கரையில் கைகால் கழுவி முருகன் தரிசனம், குளக்கரையிலேயே இட்லி. பிறகு பூங்கா. சாயங்காலம் வெளியே வந்து புளிசோறு. ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் திறப்பதற்குள் ஊர் திரும்பல். பேரன் இதைத் தன் கைபேசியில் ஏற்றிப் பார்த்தபோது, மூன்று நிறுத்தங்களில் இரண்டு கோயில் வகையைச் சேர்ந்தவை என்றும், யாரும் கேட்காமலே இவை நுழைக்கப்பட்டிருக்கின்றன என்றும் குழுவில் ஆட்சேபம் எழுப்பினான். அப்பாயிக்கு வாட்ஸ்அப் கிடையாது. அவர் ஏற்கெனவே ஓட்டுநரைக் கூப்பிட்டுப் பேசி, கூடுதல் பேட்டாவுக்குப் பதில் இரண்டு வேளைச் சோறு என்று முடித்திருந்தார்.