துவிச்சக்கர வண்டி மேற்பூச்சு நிர்ணயம்

கட்டைபறிச்சானில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ரலி சைக்கிளின் தேய்ந்த மூல வர்ணத்தின்மீது நிறமற்ற வார்னிஷ் பூசுதல் தகுமா, தகாதா என்னும் விசாரணையில் இறங்குவோர், சைக்கிளைத் தொட்டுப் பார்த்தல் ஆராய்ச்சி மரபுக்கு இழுக்கு என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

பூசுவோர், பூசாதோர், புது வர்ணம் அடிப்போர் என மாந்தர் மூவகையினர். மூன்றாமவரைப் பற்றிப் பேசுதல் வீண்.

இனி, வண்டியின் பூர்வீகம். முன்குழாயிலுள்ள கொக்குத்தலை, நொட்டிங்காம் கம்பனியை வளர்த்த பிராங்க் பௌடனின் குடும்பச் சின்னம் என்பர் அற்பஞானிகள். கொட்டியாரக் குடாவை அடுத்த களப்பிலே கொக்குகள் தவம் கிடப்பதை நோக்குமிடத்து, வண்டி கட்டைபறிச்சானிலே தோன்றிச் சீமைக்குச் சென்றதென்பதே யுக்திக்குப் பொருந்தும். 1660 இல் இக்குடாப் பக்கத்தில் சிறைப்பட்ட ரொபேட் நொக்ஸ், 1681 இல் அச்சேறிய தம் இலங்கை வரலாற்றில் சைக்கிளைப் பற்றி மூச்சுவிடவில்லையே எனின், அம்மௌனமே பிரமாணம். நாள்தோறும் கண்ணிற்படும் பொருளை எவன் எழுதி வைப்பான்? இந்த நியாயம் யாம் கண்டுபிடித்ததன்று. பரிசு பெற்ற சரித்திர நூல்கள் சில இதன்மேலேதான் நிற்கின்றன. மேலும், சைக்கிள் திருத்தும் கடைகளின் சுவர்களிலே காணப்படும் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்னும் சாசனம் (நீலப் பிரதி, இரண்டாம் படை, மழை ஒழுகிச் சிதைந்த இறுதியெழுத்து நீங்கலாக), எழுத்தமைதியால் பல்லவர் காலத்துக்குப் பிற்பட்டதென்று துணியத்தக்கது. இதனை மறுத்தவர் எவருமிலர், படித்தவரும் இலர்.

பூச்சுக்கு வருவோம். வர்ணம் உரிந்த இடத்தை உப்புக்காற்று தீண்ட, இரும்பு கறள் பிடிக்கும். அக்கறளை நீக்காது வார்னிஷ் பூசினால், உள்ளே அகப்பட்ட உப்பும் ஈரமும் தம் தொழிலை விடாது நடத்த, மேலே மினுமினுப்பும் கீழே அரிப்புமாக வண்டி விளங்கும். ஏட்டின் பிழையைத் திருத்தாது அதன்மேல் விரிவுரை தீட்டும் பதிப்பாசிரியர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தின்னர் கலந்த லாக்கரோ பழைய எழுத்துக்களையும் பொற்கோடுகளையும் கரைத்து, ஆராய்ச்சிக்கு மூலமே இல்லாமற் செய்துவிடும் வல்லமையுடையது.

ஆகவே முடிபு: சவர்க்கார நீரிற் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குக, கறளை மெல்லிய அரத்தாளால் தேய்த்தகற்றி, நன்றாக உலரவிடுக, மட்காட்டின் மறைவான ஓரத்தில் ஒரு விரலகலம் பூசிப் பார்த்து, வர்ணம் சுருங்கவோ கரையவோ செய்யாவிடின் மாத்திரமே மேற்செல்க. சுருங்கினால், எண்ணெய்ச் சீலையால் துடைத்து ஓட்டிக்கொண்டிருப்பதே உத்தமம்.