ஜூரி அழைப்பாணை கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மத்திய சட்டம் மற்றும் நீதி அமைச்சகம், புது தில்லி.
அனுப்புநர்: வீட்டுவரி பாக்கி வைக்காத ஒரு தமிழன், ராஸ்தா பேட், புனே.
பொருள்: இன்றுவரை என்னை ஜூரியாக அழைக்காதது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட என் மைத்துனனுக்கு ஜூரி அழைப்பு வந்திருக்கிறது. ஆபீஸுக்கு லீவு, கோர்ட்டில் நாள் முழுக்கக் காத்திருப்பு, போதாததற்கு "உங்களுக்கு முன்முடிவு ஏதும் உண்டா?" என்று வக்கீல் கேட்பாராம். அலுத்துக்கொள்கிறான். என்னிடம் முன்முடிவுகள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன; கேட்கத்தான் நாதியில்லை.

ஜூரியை நம்பிய அரசும் இங்கே இருந்திருக்கிறது. புனேயிலிருந்து வந்த 'கேசரி' பத்திரிகையின் மராத்திக் கட்டுரைகளுக்காக 1908-இல் திலகரை பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஜூரிகள் ஒன்பது பேரில் ஏழு பேர் ஐரோப்பியர், இருவர் பார்ஸிகள். மராத்தி தெரிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் யாரும் அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. 7-க்கு 2 என்று குற்றவாளி. ஆறு ஆண்டு தண்டனை, மண்டலே சிறை. அன்றைக்கு ஜூரி முறையில் சர்க்காருக்கு ஒரு குறையும் தென்படவில்லை.

1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றார். ஜூரி 8-க்கு 1 என்று விடுவித்தது. நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, ஆயுள் தண்டனையாயிற்று. ஜூரி ஒழிந்ததே அந்த வழக்கால்தான் என்று ஊரே சொல்கிறது. இப்படிச் சொல்வது உங்களுக்குச் செய்யும் பெரிய அநியாயம். ஜூரி வேண்டாம் என்று சேதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் 1958-லேயே எழுதிக் கொடுத்துவிட்டதே! நானாவதி சுடுவதற்கு முன்பே எங்களை நம்பக்கூடாதென்று தெரிந்துகொண்ட தீர்க்கதரிசிகள் நீங்கள். 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போயிற்று.

சரி, பத்திரிகை படித்து மனம் மாறும் ஜனங்கள் நாங்கள், அதனால் ஜூரிக்கு லாயக்கில்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் போலீஸ் சோதனை போடும்போது மட்டும் அக்கம்பக்கத்து 'மதிப்புக்குரிய' ஆசாமிகள் இரண்டு பேர் எதற்கு? இங்கே பஞ்ச் என்பார்கள், நம் பக்கத்தில் மகஜர் சாட்சி. எழுத்து மூலம் கூப்பிட்டும் தக்க காரணமில்லாமல் வர மறுத்தால் குற்றம். கத்தி எங்கே கிடந்தது என்று நான் பார்க்கலாம், கையெழுத்துப் போடலாம். வருஷங்கள் கழித்துக் கூண்டில் ஏறி, அதே கத்திதான் என்று சொல்லலாம். மாற்றிச் சொன்னால் பிறழ் சாட்சி. 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி சோதனையை வீடியோவும் எடுக்க வேண்டும். கேமரா வந்தும் பஞ்சுக்கு விடுதலை இல்லை. ஆனால் அந்தக் கத்தியால் குத்தியது யார் என்று கருத்துச் சொல்லும் யோக்கியதை மட்டும் எனக்குக் கிடையாது. ஆக, என் கண் வேண்டும், கை வேண்டும். கண்ணுக்கு மேலே இருக்கும் சாமான்தான் வேண்டாம்.

பார்ஸிகளுக்கு மட்டும் 1936-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சலுகை இன்றும் இருக்கிறது. அவர்களுடைய விவாகரத்து வழக்கில் சமூகப் பிரதிநிதிகள் ஐந்து பேர் நீதிபதியோடு அமர்ந்து உண்மை எது என்று தீர்மானிக்கலாம். அடுத்தவர் குடும்ப விவகாரத்தில் தீர்ப்புச் சொல்வதில் எங்கள் ஹவுசிங் சொசைட்டிக்கு இருக்கும் அனுபவத்தை நீங்கள் அறியமாட்டீர்கள். ஐந்து பேரென்ன, ஐம்பது பேர் தருகிறோம்.

எனவே அழைப்பாணையை உடனே அனுப்பவும். படி வேண்டாம், டீ போதும். ஒரே நிபந்தனை: மதியம் 1 மணியிலிருந்து 4 மணிவரை விசாரணை வைக்காதீர்கள். அந்த நேரத்தில் புனேயில் கடைக்காரரே கல்லாவைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

இப்படிக்கு,
தங்கள் நம்பிக்கைக்குப் பாத்திரமாகாத,
குடிமகன்