காந்த அலைக்குப் பஞ்சமில்லை

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை மலையடியில், அடி அண்ணாமலையில் நின்றால் அறிவியல் தானே வந்து காலில் இடறும். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய ஊர் என்பார்கள். இப்போது பாடுவது ரீல்ஸ்காரர்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் காந்த அலை எங்கே அதிகம், எந்த லிங்கத்தருகே நின்றால் எந்த நோய் தீரும், எல்லாம் முப்பது நொடியில். சாட்சிக்கு நாசா. நாசாவுக்கே தெரியாமல் நாசா நம் பக்கம் பார்க்கிற வேலை கொஞ்சமா? திருநள்ளாற்றுக்கு மேலே செயற்கைக்கோள் நின்றுபோனதைக் கண்டுபிடித்ததும் அவர்கள்தானாம்!

மலையைச் சிவனென்று கும்பிட்டுச் செருப்பில்லாமல் நடக்கிற கிழவிக்கு நாசா எதற்கு? லைக் வேண்டியவனுக்குத்தான் அந்தச் சான்றிதழ் வேண்டியிருக்கிறது.

இதே மலை 2024 டிசம்பர் 1 அன்று ஊர்ப் பக்கம் சரிந்தது. ஃபெஞ்சல் புயல் மழை. வ.உ.சி. நகரில் ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள்; அதில் ஐந்து பேர் பிள்ளைகள். மழை வரும் என்று சொன்னார்கள், சரி. ஊறிப்போன மண் தன்மேல் கிடக்கும் பாறையைத் தாங்காது என்று சொல்லவும் முப்பது நொடி தாராளம். யார் சொன்னார்கள்? பேராசிரியர்கள் வந்தார்கள், பிறகு. மண்ணை ஆய்ந்தார்கள், பிறகு. தீபத்துக்கு மலையேறத் தடை போட்டார்கள், அதுவும் பிறகு.

சமூக ஊடகத்தில் அறிவியலைப் பரப்புவது எப்படி என்ற ஆராய்ச்சிக்கு மட்டும் குறைவில்லை. 2018இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அலசியது: 1,500 பேரை எட்ட உண்மைக்குப் பொய்யைப்போல ஆறு மடங்கு நேரம் ஆகிறதாம். பரிகாரம்? ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் தந்த தரவை 2023இல் ட்விட்டர் நிறுத்தியது. பொய் பரவும் தடத்தைக் காட்டிய கிரவுட்டேங்கிள் என்ற கருவியை 2024இல் மெட்டா மூடியது. நம் ஒன்றிய அரசு மட்டும் சளைத்ததா? அறிவியலை மக்களிடம் கொண்டுபோக 1989இல் தொடங்கிய விஞ்ஞான் பிரசாரை 2023இல் இழுத்து மூடியது. ஆறு மடங்கு வேகம் போதவில்லைபோல. பொய்க்கு வழிவிட்டு ஒதுங்கியும் நிற்கிறார்கள்.

ஆய்வாளர் பெருமக்களே, அடுத்த கருத்தரங்கை இந்த மலையடியிலேயே நடத்துங்கள். ஆங்கிலத்தில்தான் பேசுவீர்கள், பேசுங்கள். மத்தியான இடைவேளையில் எந்தச் சரிவுக்குக் கீழே குடியிருக்கக் கூடாது என்று தமிழில் ஒரே ஒரு ரீல், பருவமழைக்கு முன்னால். நாற்பது பேர்தான் பார்த்தார்களா? கவலை வேண்டாம். அது ஏன் என்று ஒரு கட்டுரை எழுதி, பதவி உயர்வு வாங்கிக்கொள்ளலாம்.