ஜீத் எடுக்கிற சித்தப்பா

பாரிஸ் புறநகரில் எந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்தை எடுத்தாலும் அதில் ஜீத் எடுக்கிற சித்தப்பா ஒருவர் இருப்பார். ஜனவரிக் குளிரில் மற்றவர்கள் போர்வைக்குள் கிடக்க, ஆகஸ்ட் மாதத்துக்கு நாட்டுப்புறத்தில் கிழமை வாடகைக்கு விடும் வீடு, அதாவது ஜீத், தேடத் தொடங்குபவர் அவர்தான். லண்டனில் ஒரு அக்கா, சூரிச்சில் ஒரு தம்பி, ரொறன்ரோவில் ஒரு மச்சான் என்று சிதறிப்போன குடும்பத்தை வருஷத்தில் ஒரு கிழமையாவது ஒரே கூரைக்குக் கீழே படுக்கவைப்பது தன் கடமை என்று நினைக்கிறார். அந்தக் கடமையை யார் கொடுத்தது என்று கேட்டால் கோபம் வரும்.

ஜீத்தின் வரலாறும் அவருக்குத் தெரியும். கேட்காவிட்டாலும் சொல்வார். "முதல் ஜீத் 1951 இல அல்ப்ஸ் பக்கம் திறந்தது. சனமெல்லாம் கிராமத்தை விட்டுப் போகுது, சும்மா கிடக்கிற வீட்டைத் திருத்தி வாடகைக்கு விட்டால் கமக்காரனுக்கும் நாலு காசு, பட்டணத்துத் தொழிலாளிக்கும் மலிவா ஒரு லீவு எண்டு செனட்டர் ஒருத்தர் யோசிச்சவர்." 1955 இல் ஜீத் து பிரான்ஸ் கூட்டமைப்பு வந்தது. அவர்கள் வீட்டுக்குத் தரம் போடுவது நட்சத்திரத்தால் அல்ல, கோதுமைக் கதிரால். ஒன்று முதல் ஐந்து வரை. சித்தப்பா மூன்று கதிருக்கு மேலே ஏறுவதில்லை. "நாலாவது கதிரோட வெள்ளை சோபா வரும். வெள்ளை சோபாவும் எங்கட சனமும் சரிவராது."

பிரெஞ்சுக்காரர் வீட்டுப் படங்களில் கல் சுவரையும் ஓக் உத்தரத்தையும் பார்ப்பார்கள். சித்தப்பா குசினிப் படத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பார். அடுப்பு காஸா, இன்டக்ஷனா? இன்டக்ஷன் என்றால் அம்மம்மாவின் அலுமினியக் குண்டான் சூடேறாது. அந்த வீடு அந்த இடத்திலேயே தள்ளுபடி. மீன் பொரிக்க வெளியே ஒரு தாழ்வாரம் உண்டா? அயல் வீடு எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் வீசும்? அயல் வீட்டுத் தூரத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து முடிவெடுப்பார். நீச்சல் தடாகம் பிள்ளைகளுக்காக, பதினாலு கட்டில் மாமிமாருக்காக, தாழ்வாரம் மானத்துக்காக.

வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டதும் எல்லாரும் பெருவிரலை உயர்த்துவார்கள். அதற்குப் பிறகுதான் பங்குக் காசு என்ற பேச்சு வரும். உயர்ந்த விரல்கள் இறங்கும். முன்பணத்தைச் சித்தப்பாவே கட்டுவார். அவர் மனைவி சொல்வதை இங்கே எழுத முடியாது.

கோடை வீடுகள் பெரும்பாலும் சனி முதல் சனிவரை என்பதால் அரைவாசிப் பிரான்ஸ் அன்றைக்குத்தான் தெருவில் நிற்கும். வீதி நெரிசலுக்கு அரசாங்கமே நிறம் குறித்து அறிவிக்கும்: பச்சை, செம்மஞ்சள், சிவப்பு, கறுப்பு. ஜூலைக்காரர் வீடு திரும்ப, ஆகஸ்ட்காரர் புறப்படும் சனிதான் கறுப்பு. நெடுஞ்சாலை நிரம்புமுன் கடந்துவிட வேண்டும் என்று சித்தப்பா விடிய மூன்று மணிக்கே எல்லாரையும் எழுப்பிவிடுவார். லா சப்பல் தமிழ்க் கடைகளில் வாங்கிய இருபது கிலோ அரிசி, முருங்கைக்காய், திருவலை, இடியப்ப உரல் எல்லாம் வாகனத்தில் ஏறியபின்தான் மனிதருக்கு இடம். ஐந்நூறு கிலோமீற்றர் ஓடி, தோர்தோஞ்ஞில் வீடு எடுத்த கிராமத்தைக் காலை எட்டரைக்கு அடைவார்கள். வீட்டுச் சாவி தருவது மாலை நாலு மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில் சூப்பர்மார்க்கெட் வாகனத் தரிப்பிடத்தில் மூன்று தலைமுறை பாணும் மாசிச் சம்பலும் சாப்பிடும். வருஷா வருஷம் இப்படித்தான். ஆனாலும் நெரிசலில் சிக்கவில்லை என்று சித்தப்பா பெருமையாகச் சொல்வார், அது உண்மைதான்.

சாவியோடு வரும் வீட்டுக்கார மதாமுக்கு எழுபது வயதிருக்கும். கையில் தன் தோட்டத்து வால்நட்டில் போட்ட வைன் போத்தல். பதிலுக்கு அக்கா ஒரு பெட்டி ரோல்ஸ் நீட்டுவார். உறவு நன்றாகத்தான் தொடங்கும். ஆனால் சித்தப்பாவின் கண் மதாமின் கையிலுள்ள பட்டியலில் இருக்கும்: கரண்டி 16, முள்ளுக்கரண்டி 16, தேக்கரண்டி 12. கோயில் கணக்குப்பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக எண்ணி, சுவரிலுள்ள பழைய கீறல்களையெல்லாம் போனில் படமெடுப்பார். மின்மானியையும் எடுப்பார், ஏனென்றால் பல ஒப்பந்தங்களில் நாளுக்கு 8 யூனிட்தான் வாடகைக்குள் அடக்கம். அதற்கு மேல் தனிக் காசு. ரைஸ் குக்கரைச் செருகும்போதெல்லாம் அவர் முகம் மாறுவது இதனால்தான்.

அன்றிரவே விதிகள் அறிவிக்கப்படும். வெதுப்பகத்துக்குள் போனால் முதலில் "போன்ஜூர்". அதைச் சொல்லாமல் இங்கிலிஷில் பாண் கேட்கிற லண்டன் பிள்ளைகளுக்கு நேற்றைய பாண்தான் கிடைக்கும். பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை கடை பூட்டு. கழிப்பறைத் தொட்டி நகரத்துக் குழாயோடு சேர்ந்ததல்ல, தோட்டத்துக்குள் புதைத்தது. கண்டதையும் போடக் கூடாது. தடாகத்தில் அலாரம் உண்டு. 2003 இல் வந்த சட்டப்படி தனியார் தடாகத்துக்கு ஏதாவதொரு பாதுகாப்பு ஏற்பாடு கட்டாயம். நள்ளிரவு வரை 304 சீட்டு விளையாடிவிட்டு ரொறன்ரோ மச்சான் தடாகத்தில் கால் நனைத்தபோது அது ஊரையே எழுப்பியது.

விடிய நாலரைக்குச் சேவல் பதில் சொன்னது.

"இதை நிப்பாட்டச் சொல்லி மதாமிட்டைச் சொல்லன் தம்பி" என்றார் பெரியக்கா. அங்கேதான் சித்தப்பாவின் பொது அறிவு மீண்டும் கைகொடுத்தது. ஒலெரோன் தீவில் மொரீஸ் என்ற சேவலின் கூவல் தாங்கவில்லை என்று விடுமுறை வீட்டுக்காரர் வழக்குப் போட, 2019 இல் நீதிமன்றம் சேவல் பக்கம் தீர்ப்பளித்தது. 2021 இல் கிராமத்துச் சத்தங்களையும் மணங்களையும் மரபுச் செல்வமாக ஏற்றுச் சட்டமே வந்துவிட்டது. "சேவலுக்கும் சட்டம் இருக்கு, சாணி மணத்துக்கும் சட்டம் இருக்கு அக்கா. கருவாட்டு மணத்துக்கு மட்டும் இல்லை. தாழ்வாரத்தில வைச்சுப் பொரியுங்கோ."

கிழமையில் மிச்ச நாட்கள் எல்லாருக்கும் விடுமுறை. குகை ஓவியம் பார்க்கப் போவார்கள், ஆற்றில் படகு விடுவார்கள். சித்தப்பா வீட்டில் நிற்பார், மஞ்சள் கறைக்காக. வெள்ளை மேசை விரிப்பில் பருப்புக் கறி ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கொட்டியிருக்கும். எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாத மஞ்சள் வெயிலுக்கு வெளிறும் என்பது அவர் உணவகக் குசினியில் கற்ற பாடம். ஈர விரிப்பைப் புல்லில் விரித்து, பக்கத்தில் கறை பிடித்த வெட்டுப்பலகையையும் அகப்பையையும் வரிசையாக அடுக்கி, நிழல் நகர நகர அவற்றையும் நகர்த்துவார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த மதாம், "இது உங்கள் சமயச் சடங்கா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஓம் மதாம்" என்றார் சித்தப்பா.

கடைசிச் சனி காலை பத்து மணிக்கு மீண்டும் எண்ணல். தேக்கரண்டி பதினொன்று. பன்னிரண்டாவது அம்மம்மாவின் ஊறுகாய்ப் போத்தலுக்குள்ளிருந்து வந்தது. ஈட்டுக்காகக் கொடுத்த செக்கை மதாம் மாற்றாமலே திருப்பிக் கையில் தந்தார். சித்தப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பு, தடாகத்திலோ ஆற்றிலோ ஒருவருக்கும் வரவில்லை. அவருடைய விடுமுறை அந்தச் சில விநாடிதான்.

எனவே லண்டன் பெரியக்காமாருக்கும் ரொறன்ரோ மச்சான்மாருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த வருஷப் பங்குக் காசை பெப்ரவரிக்கு முன் போட்டுவிடுங்கள். ஜீத்தில் படுக்கை விரிப்புக்குப் பெரும்பாலும் தனிக் காசு கேட்பார்கள். அதையும் தலையணை உறையையும் வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். வெள்ளை நிறத்தில் வேண்டாம்.