ஃபோர்டு வண்டிக்கு வாயுத் தொல்லை

1925 ஏப்ரலில் ஹென்றி ஃபோர்டு 281 டாலருக்கு ஒரு பிக்கப்பை விற்பனைக்கு விட்டார். அதுவரை அமெரிக்க விவசாயிகள் சும்மாவா இருந்தார்கள்? மாடல் டி காரின் பின்பக்கத்தில் மரப்பெட்டியை முடுக்கி, பன்றியும் பாலும் ஏற்றிக்கொண்டுதான் திரிந்தார்கள். அதையே கம்பெனி செய்து காசாக்கியது. 20 குதிரைத்திறன். கறுப்பு ஒன்றே நிறம். பெட்ரோல் அளவு காட்ட முள் கிடையாது, டாங்குக்குள் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டியதுதான். என்ஜின் போடும் ‘டமால்’ மட்டும் இலவசம்.

டமாலில் இரண்டு ரகம். முன்னால் கார்பரேட்டர் வழியே வந்தால் ஏப்பம். பின்னால் சைலன்சர் வழியே வந்தால், சரி, அதேதான்.

ஏப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் பட்டினி. மேனிஃபோல்டில் எங்கோ காற்று கசிந்து, பெட்ரோல் குறைந்த கலவை சோம்பேறித்தனமாக எரியும். அடுத்து இன்டேக் வால்வு திறக்கும்போதும் தீ அணைந்திருக்காது. வந்த வழியே பாயும். உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்பியைத் திருகிப் பெட்ரோலைக் கூட்டினால் சாந்தமாகும்.

பின்பக்க விவகாரம் அஜீரணம். ஒரு சிலிண்டர் தின்றதை எரிக்காமல் வெளியே தள்ள, சூடான சைலன்சருக்குள் அது வெடிக்கும். எந்தச் சிலிண்டர்? ஓட்டுநருக்கு முன்னால் ஒரு பெட்டியில், சிலிண்டருக்கு ஒன்றாகப் பொறி தரும் நாலு காயில்கள் வண்டாக ரீங்கரிக்கும். என்ஜின் ஓடும்போதே அவற்றின் அதிரும் தகடுகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்துவார்கள். எதை அழுத்தியும் ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ, அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே படுத்துவிட்டது. நம்ம ஊர் நாடி வைத்தியர் தோற்றார். நாலும் உயிரோடிருந்தால், பொறிக்கு நேரம் குறிக்கும், எண்ணெய்ப் பிசுக்கில் ஊறிய டைமரைக் கழற்றித் துடைப்பார்கள்.

அதிலும் தீராவிட்டால் குற்றவாளி டிரைவர் சீட்டில். ஸ்டியரிங்குக்கு இடப்பக்க நெம்புகோலை மேலே தள்ளி ஸ்டார்ட் செய்து, ஓடியதும் கீழே இறக்க வேண்டும். இறக்க மறந்தால் பொறி பிந்தி விழும், சைலன்சர் கொதிக்கும். தள்ள மறந்தாலோ, ஸ்டார்ட் செய்ய வண்டிக்கு முன்னால் நின்று சுற்றும் கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டை முறிக்கும். கையொடிந்தவர் திட்டியது ஃபோர்டைத்தான், நெம்புகோலை யாரும் விசாரிக்கவில்லை.

வீட்டுப் பிள்ளைகள் மட்டும் எல்லாவற்றையும் சரியாகப் புரிந்துகொண்டார்கள். இறக்கத்தில் சாவியைத் திருகிப் பொறியை நிறுத்துவார்கள். எரியாத பெட்ரோல் சைலன்சரில் சேரும்வரை பொறுத்து, எதிரே குதிரைவண்டி வரும் நேரம் பார்த்துச் சாவியை மறுபடி திருப்புவார்கள். டமால்! குதிரை ஒரு பக்கம், வண்டிக்காரர் மறுபக்கம். மறுநாள் காலையில் அப்பா முணுமுணுத்துக்கொண்டே டைமரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார். துணி எடுத்துக் கொடுப்பது பையன்.