நூலறு படலம்

பருத்தி வலைக் காலத்தில் பனிச்சங்கேணிக் களப்பு மீனவரிடையே நிலவிய கொள்கை யாதெனின், பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் தோய்த்த நூல் உப்புத்தண்ணியில் எளிதில் உக்காது என்பது. கொள்கை மெய்யே. காயிலுள்ள தனின், நூலைத் தின்னும் நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. ஆயினும் மெய் என்பதற்காக ஒன்றைச் சோதியாமல் விடுவது புலமைக்கு அழகன்று.

வேண்டுவன: ஒரே நூற்கண்டில் வெட்டிய இரு துண்டுகள், வாளி, மணல், சிரட்டை, தராசு. ஒரு துண்டைச் சாற்றில் தோய்த்து, இரண்டையும் உப்புத்தண்ணியில் பல நாள் கிடத்துக. பின் ஒவ்வொரு நூலிலும் வாளியைத் தொங்கவிட்டு, அறும்வரை மைத்துனரைக்கொண்டு சிரட்டையால் மணலிடுக; அறுந்ததும் வாளியை மணலோடு நிறுத்து எழுதுக. 1500ஆம் ஆண்டையொட்டி லியொனார்டோ டா வின்சி இரும்புக் கம்பிக்குக் குறித்துவைத்த முறையும் இதுவே. அவர் சிறு துளை வழியே கூடைக்குள் மணல் சொரியவும், கம்பி அறுந்ததும் துளை தானே மூடவும் வகைசெய்தார். அள்ளிப்போட மைத்துனர் எவரும் வாய்க்கவில்லை போலும்.

முதல் இடர் முடிச்சு. நூல் பெரும்பாலும் முடிச்சருகேதான் அறும். அப்போது அளந்தது நூலின் உரத்தையா, கட்டியவரின் கைவண்ணத்தையா? ஆகவே தடித்த உருண்டைக் கம்பில் நாலைந்து சுற்றுச் சுற்றியபின் முனையைக் கட்டுக. இழுவை சுற்றுகளிலேயே தேய்ந்துபோகும். முடிச்சுக்குப் பெரிதாக ஒன்றும் எட்டாது. இரு துண்டும் ஒரே நீளமாயிருத்தல் நன்று. நீண்ட நூலில் நலிந்த இடம் ஒளிந்திருக்க வாய்ப்பு மிகுதி.

அடுத்தது ஈரம். விறாந்தையில் இருந்தபடி பருத்தியையும் நைலோனையும் உலர்நிலையில் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வார் உளர். நனைந்தால் பருத்திக்கு உரம் கூடும், நைலோனுக்குச் சற்றுக் குறையும். எனவே நனைத்தே சோதிக்க. என்னை? மீன் விறாந்தையில் வாழாமையின். 1935இல் பிறந்த நைலோன் பிற்பாடு பருத்தியை விரட்டியதற்கு இழுவை மட்டும் காரணமன்று. நைலோனுக்கு உக்கும் பழக்கமில்லை.

நண்டு கடித்த துண்டுகளைக் கணக்கில் சேர்க்கலாகாது. நண்டுக்குப் பனிச்சங்காய்ச் சாறு பிடிக்குமா என்பது வேறு ஆய்வு.

பேரிடர் இனித்தான். சாறு தோய்த்த நூலுக்கு அருகே, தோய்க்காத புதுநூல் ஒன்றும் அதே தண்ணீரில் அத்தனை நாளும் வேண்டுமென்றே உக்கக் கிடத்தல் வேண்டும். வீட்டில் மாமி இதற்கு இசையார்.

"என்ன மருமகன், நல்ல நூலத் தண்ணிக்க உக்கவிட்டுத்தான் படிப்பா?"

ஆதலின் ஆய்வாளர் பலர் ஒப்பீட்டு நூலைப் பக்கத்து வீட்டு வலையிலிருந்து இருட்டில் பெற்றுக்கொள்வர். அதன் வயதும் வாங்கிய கடையும் தெரியா. உரியவரிடம் கேட்கவும் இயலாது.