இளவட்டக்கல்லும் ஐம்பது வயதும்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்கோடியில் ஒரு தேகப்பயிற்சிசாலை இருந்தது. ஓலைக் கூரை, சலித்துக் கொட்டிய செம்மண் தரை, சுவரில் ஆஞ்சநேயர் படம், அதன் கீழே சூடம் ஏற்றிக் கறுத்துப்போன மாடம். மூலையில் கர்லாக்கட்டைகள் உயரவாரியாகச் சாத்தியிருக்கும். உத்திரத்திலிருந்து ஒரு தேங்காய்நார் வடம் தொங்கும். 1970-களின் கடைசி அது. சாயங்காலமானால் அண்ணனும் அவன் சேக்காளிகளும் லங்கோட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மண்ணில் இறங்குவார்கள். ஊறவைத்த கொண்டைக்கடலையைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வாசல் நிலையைத் தாண்டி உள்ளே கால் வைக்கக் கூடாது. "ஏட்டி, குடுத்துட்டு ஓடு. பொம்பளப்புள்ள நிக்கிற எடமா இது?" என்பார் வாத்தியார். அதில் கோபம் இருக்காது. ஊருக்கே தெரிந்த சட்டத்தை எனக்கும் ஞாபகப்படுத்துவார், அவ்வளவுதான்.

ஓடாமல் ஜன்னலோரம் நின்று பார்ப்பேன். முதலில் பஸ்கி. மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே தண்டால். தண்டால் முடித்து எழுந்தால் கர்லா. தோளுக்குப் பின்னால் கட்டை இறங்கி, முதுகை ஒட்டிச் சுழன்று, முன்னால் வந்து ஒரு கணம் நிமிர்ந்து நிற்கவேண்டும். நிற்கும் இடத்தில் கட்டை ஆடினால் வாத்தியாரின் பிரம்பு தரையில் தட்டும். கட்டையைக் கீழே வைத்ததும் வடம் ஏறவேண்டும். யாரும் உட்காரக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, பையன்கள் வியர்வையும் செம்மண்ணும் குழைந்த உடம்போடு வாய்க்காலுக்குக் குளிக்கப் போவார்கள். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். ஒல்லிப் பையனுக்குச் சின்னக் கட்டை, முழங்கால் வலிக்காரனுக்குப் பாதி பஸ்கி என்று ஆளுக்கொரு அளவு வைத்திருந்தார் அவர். மாதச் சந்தா யாரும் கொடுத்த மாதிரி தெரியவில்லை. ஆடி அமாவாசைக்கு வேட்டி துண்டு வைத்துக் கும்பிடுவார்கள்.

90-களில் ஓலை போய்க் கான்கிரீட் கூரை வந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி, அர்னால்டு படம், புல்லி வைத்த மிஷின்கள். கர்லாக்கட்டைகள் பரணுக்குப் போயின. திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று உடம்பைக் கூறுபோட்டுப் பயிற்சி செய்தார்கள். கண்ணாடியில் தெரிகிற தசைக்குத்தான் மரியாதை. நெஞ்சை அகலமாக்கிய பிள்ளைகள் இரண்டு மாடி ஏறினால் மூச்சிரைத்து நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நாற்பது தாண்டியவர்களுக்கு அப்போது கிடைத்த ஒரே மருந்துச்சீட்டு வாக்கிங். நடப்பது நல்லது, அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அது மட்டும் போதும் என்று ஒரு தலைமுறைப் பெண்களை நம்பவைத்ததில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. என் அம்மா காலை தவறாமல் நடந்தவள். மாதவிடாய் நின்ற வயதில் முதுகு வலிக்கிறது என்று போனபோது, "இனிமே கனமா எதையும் தூக்காதீங்கம்மா" என்றார் ஒரு மருத்துவர். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அரிசி டப்பாவைக்கூட மருமகள்தான் நகர்த்தினாள். எழுபதில் குளியலறை ஈரத்தில் வழுக்கினாள். இடுப்பு எலும்பு முறிந்தது. அதன்பிறகு அவள் வாசல்வரை தானாக நடந்து வந்ததில்லை.

எலும்பு உயிருள்ள பொருள். தன்மேல் விழும் சுமைக்கு ஏற்ப அது தன்னைக் கட்டிக்கொள்ளும். சுமையே விழாவிட்டால் கரையும். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து அப்படிக் கரைவது வேகமெடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பெலிண்டா பெக் தலைமையிலான குழு, 58 வயதைத் தாண்டிய, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை எடுத்துக்கொண்டது. ஒரு பாதிக்கு வீட்டிலேயே லேசான உடற்பயிற்சி. இன்னொரு பாதிக்கு வாரம் 2 நாள், நாளுக்கு அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பார்க்க, கனமான பாரம்: தரையிலிருந்து தூக்குவது, தலைக்கு மேல் தள்ளுவது, தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது, கம்பியைப் பிடித்து எம்பித் தரையில் குதிப்பது. தன்னால் ஒரே ஒரு முறை தூக்கமுடிகிற உச்ச எடையில் 85 சதவீதத்துக்கும் மேல் தூக்கினார்கள். 8 மாதம் கழித்து அளந்தபோது பாரம் தூக்கியவர்களின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியிருந்தது. லேசாகச் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. பாரம் தூக்கிய அத்தனை பேரிலும் நேர்ந்த அசம்பாவிதம், ஒருவருக்கு லேசான முதுகுப் பிடிப்பு. 2018-ல் வெளியான இந்த ஆய்வைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எதைத் தொடாதே என்று அம்மாவிடம் சொன்னார்களோ, அதுதான் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

இப்போது நான் சென்னையில் ஒரு தகரக் கூரைக் கொட்டகையில் பயிற்சி செய்கிறேன். தரையில் கறுப்பு ரப்பர் விரிப்பு. கம்பி, வளையம், கெட்டில்பெல், ஒரு லாரி டயர். உத்திரத்திலிருந்து தடித்த வடம் ஒன்று தொங்குகிறது. கண்ணாடி கிடையாது. பயிற்சியாளர் என் மகள் வயதுப் பெண். முதல் வாரம் முழுக்க என் கையில் இரும்பைக் கொடுக்கவேயில்லை. பிவிசி குழாய் ஒன்றைக் கொடுத்து முதுகோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னாள். "அக்கா, தலை, முதுகு, இடுப்பு மூணும் குழாய்ல படணும். முட்டிய மடக்காதீங்க, இடுப்பப் பின்னாடி தள்ளுங்க. கதவ இடுப்பால சாத்துற மாதிரி." இடுப்பில் மடங்கத் தெரிந்தபிறகுதான் கெட்டில்பெல் வந்தது.

எங்கள் வகுப்பில் அடிக்கடி வரும் ஒரு சுற்று இது: கம்பியில் 5 முறை ஏறுவது, 10 தண்டால், 15 பஸ்கி. 20 நிமிடத்துக்குள் முடிந்த அளவு சுற்றுகள். கிராஸ்ஃபிட்காரர்கள் இதற்கு சிண்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கம்பிக்குப் பதில் நான் வளையத்தைப் பிடித்துச் சாய்ந்து இழுக்கிறேன். தண்டால் பெஞ்சில் கை ஊன்றி. பஸ்கி ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து எழுந்து. முதல் ஐந்து நிமிடம் சுலபம். பத்தாவது நிமிடத்தில் காதுக்குள் நாடித் துடிப்பு கேட்கும், தொடை கனக்கும், எண்ணிக்கை தப்பும். பக்கத்தில் ஐடி கம்பெனிப் பையனும் கல்லூரிப் பெண்ணும் தங்கள் எடையோடு அதே பாடு படுகிறார்கள். நேரம் முடிந்ததும் கரும்பலகையில் எல்லோர் பெயரும் வரிசையாக ஏறுகிறது. யாருக்கு எது கனமோ, அதுதான் அவரவர் அளவு.

2000-ல் கலிஃபோர்னியாவில் கிரெக் கிளாஸ்மனும் லாரன் ஜெனாயும் தொடங்கியது கிராஸ்ஃபிட். பலம், வேகம், தாக்குப்பிடிப்பு, சமநிலை, வளைந்துகொடுப்பது என்று உடல்திறனைப் பத்தாகப் பிரித்து, ஒன்றையும் விட்டுவிடாதே என்பது அவர்கள் சொல்லும் பாடம். ஒன்றில் மட்டும் சூரனாக இருப்பதைவிடப் பத்திலும் தேறியிருப்பது மேல். அந்தப் பட்டியலைப் படித்தபோது செம்மண் தரைதான் கண்முன் வந்தது. பஸ்கியில் பலம், கர்லாவில் தோள் வளைவும் ஒருங்கிணைப்பும், வடத்தில் பிடி, நிறுத்தாமல் செய்வதில் மூச்சு. வாத்தியார் எதையும் எழுதிவைக்கவில்லை, விட்டதும் எதுவுமில்லை.

வேகமாகச் செய்வதற்கும் காரணம் உண்டு. ஜப்பானில் இசுமி தபாட்டாவின் குழு 1996-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு 6 வாரம் நாளுக்கு 60 நிமிடம் மிதமாக சைக்கிள் மிதித்தது. இன்னொரு குழு பெரும்பாலான நாட்களில் 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு என்று ஏழெட்டு முறை, சுமார் 4 நிமிடம். ஆக்சிஜனை உள்வாங்கும் திறன் இரண்டு குழுவுக்குமே கூடியது. மூச்சு முட்டும் கடும் உழைப்பைத் தாங்கும் திறன் இரண்டாவது குழுவுக்கு மட்டும் 28 சதவீதம் கூடியது. அவர்கள் இளைஞர்கள், அந்த வேகம் என் வயதுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் நேரம் தேடுகிற பெண்ணுக்கு இது பெரிய செய்தி. உலக சுகாதார நிறுவனமும் 2020-ல், வாரம் 150 நிமிட மிதமான உழைப்புக்கு 75 நிமிடக் கடும் உழைப்பு ஈடு என்றது. இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது. அந்தக் கடைசி வரியை நம் ஊரில் யாரும் காதில் வாங்கவில்லை.

சர்க்கரையையும் சொல்லவேண்டும். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-ல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸை அதிகம் வாங்கிக்கொள்வது தசை. வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திராமலும் அதை உள்ளே இழுக்கும். தசையை வளர்ப்பதும் உழைக்கவைப்பதும் சர்க்கரைக்காரருக்கு மாத்திரைக்குத் துணையான மருந்து.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். பழக்கமில்லாத உடம்பை முதல் நாளே பிழிந்தால் தசை சிதைந்து, சிறுநீர் காபி நிறத்தில் போய், சிறுநீரகமே பழுதாகலாம். களைத்தபின் வடிவம் கெட்டு எடை தூக்குவது முதுகுக்குக் கேடு. போனில் பார்த்துச் செய்யும் சவால்களை நான் வெறுக்கிறேன். எடையைக் குறைத்துக் கொடுக்கத் தெரியாதவர் வாத்தியார் இல்லை.

அண்ணனுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. வடத்தில் அணில் போல ஏறியவன், முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு மெதுவாக நடக்கிறான். "ஒனக்கு எதுக்கு இந்த வயசுல இதெல்லாம்?" என்று போனில் கேட்கிறான். உள்ளே போனவன் விட்டுவிட்டான், ஜன்னலில் நின்றவள் பிடித்துக்கொண்டேன். வருகிற லீவுக்கு அவன் வரும்போது மரப்பெட்டியில் உட்கார்ந்து எழவைக்காமல் விடப்போவதில்லை.

எங்கள் பக்கம் இளவட்டக்கல் தூக்கியவனுக்குப் பெண் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. வழவழப்பான உருண்டைக் கல். பிடிக்க இடமே கிடையாது. குந்தி உட்கார்ந்து, கட்டிப்பிடித்து, மடிக்கு ஏற்றி, நெஞ்சோடு உருட்டித் தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போடவேண்டும். பணகுடி பக்கத்து வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் அந்தப் போட்டி நடக்கிறது. பரிசாக நின்ற பெண்கள் இப்போது போட்டியில் நிற்கிறார்கள்.

என் கொட்டகைக்குக் கட்டும் மாதக் கட்டணம் எல்லோராலும் முடியாது. மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் இளைஞர்கள்தான் போகிறார்கள். அவற்றைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். காலையில் ஒரு மணி நேரத்தை ஐம்பது தாண்டிய பெண்களுக்கென்று ஒதுக்குங்கள். முறையாகக் கற்ற ஒரு பெண் பயிற்சியாளரைப் போடுங்கள். முதல் வாரத்துக்கு ஆளுக்கொரு பிவிசி குழாய் போதும்.